நின்றவூர்ப் பூசலார் எடுத்த மனக்கோயில்: ஓர் ஆராய்ச்சி

சிவமயம்

தோற்றுவாய்

தொண்டை நன்னாட்டிலே, ஆவடிக்கு மேற்கே, அரக்கோணஞ் செல்லும் இருப்புப்பாதையின் மருங்கே அமைந்துள்ளது திருநின்றவூர். அதனைச் சூழ்ந்த நிலப்பகுதி முழுவதும் திருத்தொண்டின் மணங் கமழ்வது. கிழக்கே அம்பத்தூரை அடுத்து வட திருமுல்லைவாயிலும், பாடி என இந்நாளில் வழங்கும் திருவலிதாயமும் உள்ளன. தென்கிழக்கே மூர்க்கநாயனார் அவதரித்த திருவேற்காடு விளங்குகின்றது. பூவிருந்தவல்லிக்குத் தெற்கே, திருத்தொண்டர் புராணம் அருளிய சேக்கிழார் பெருமான் தோன்றிய குன்றத்தூர் உள்ளது. இவற்றுள்ளும் திருநின்றவூர்க்குத் தனிச்சிறப்பு ஒன்றுண்டு. ஏனைய தலங்களிற் கோயில் முன்னே நின்றது. அடியார் பின்னே சென்று வணங்கினர். நின்றவூரிலோ அடியார் ஒருவருடைய நெஞ்சமே முதற்கண் கோயிலாயிற்று. அவ்வடியார் பூசலார் நாயனார்.

பூசலார் வரலாறு சைவநன்மக்கள் அனைவரும் அறிந்ததே. அறிந்தது என்பது பற்றியே அதனை ஊன்றி நோக்குவார் அரியராயினர். இந்நாளில் மேடைகளில் இவ்வரலாற்றை எடுத்துரைப்போருட் பலர், ‘கற்கோயிலை இறைவன் ஒதுக்கினான், மனக்கோயிலையே ஏற்றான், ஆதலின் புறக்கோயிலும் புறப்பூசையும் வேண்டுவன அல்ல, மனம் ஒன்றே போதும்’ என்று முடிவு கூறி அமைகின்றனர். கேட்போரும் மகிழ்ந்து தலையசைக்கின்றனர். இம்முடிவு சேக்கிழார் திருவுள்ளத்திற்கு ஒத்ததுதானா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. ஒவ்வாதாயின், அடியார் ஒருவருடைய அரும்பெருந்தொண்டு, தொண்டு செய்யாதார்க்குப் புகலிடமாக மாற்றப்படுகின்றது என்றாகும். அது சிறிய பிழையன்று.

மூன்று நூல்களும் மொழிந்தவை

பூசலாரைக் குறித்து நமக்குக் கிடைத்துள்ள தலையாய சான்றுகள் மூன்று. சுந்தரமூர்த்தி சுவாமிகள் அருளிய திருத்தொண்டத்தொகை முதலாவது. நம்பியாண்டார் நம்பிகளின் திருத்தொண்டர் திருவந்தாதி இரண்டாவது. சேக்கிழார் பெருமானின் திருத்தொண்டர் புராணம் மூன்றாவது. இவை முறையே தொகை, வகை, விரி என வழங்கும்.

தொகையுள் நாயனாரின் ஊரும் பெயரும் அவர்தம் மறைவழிச் சிறப்பும் மட்டுமே குறிக்கப்பெற்றன. அவர் செய்த தொண்டு இன்னதென்பது அங்கு விளங்கவில்லை. அந்தாதியே அதனை முதற்கண் வெளியிடுவது. அரனுக்கு ஒரு கோயிலை விரைந்து எடுப்பது எந்நாளோ என்னும் ஏக்கத்தினால் கண்ணுறக்கமின்றி, இரவுதோறும் மனத்தகத்தே நினைந்து நினைந்து அருள்பெற்றவர் என்பது அந்தாதி கூறும் செய்தி. கூர்ந்து நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். அந்தாதிச் செய்யுளிற் காடவர்கோன் இலன், கச்சிக் கற்றளி இலது, கனவும் இலது. ஏக்கமும் உறக்கமின்மையும் இடையறா நினைவும் அருட்பேறும் ஆகிய இவையே உள்ளன.

சேக்கிழார் பெருமான் இவ்வரலாற்றை 18 திருவிருத்தங்களால் விரித்தருளினார். அவற்றுள் ஏறக்குறையப் பாதி, அரசன் வருகைக்குப் பின் நிகழ்வனவற்றைக் கூறுவன. மனக்கோயில் ஒன்றே போதும் என்பதுதான் புராணத்தின் கருத்தாயின், அந்தாதி கூறிய அளவே சாலும். அரசனைக் கொணர்ந்து நிறுத்தி, அவனைக் கனவு காணச்செய்து, கச்சியினின்றும் நின்றவூர்வரை வருவித்து, நிலத்தில் வீழ்ந்து வணங்கச் செய்யவேண்டுவதில்லை. ஆகவே அரசனைப் பற்றிய பகுதி வெறும் அணியன்று. வரலாற்றின் உட்பொருளைத் தாங்கும் தூண் அதுவே எனக் கொள்ளுதல் முறை.

அற்றேல், அரசன் செய்தி சேக்கிழார் தாமே படைத்துக்கொண்டதாகுமோ எனின், ஆகாது. காஞ்சிக் கயிலாயநாதர் கோயிலில் இராசசிம்ம பல்லவனது வடமொழிக் கல்வெட்டு ஒன்றுளது. கூல்ட்சு என்னும் ஆராய்ச்சியாளரால் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியின் முதற்பகுதியில் 1890இல் வெளியிடப்பெற்றது அது. முன்னை யுகங்களில் அரசர் சிலர் வானொலி கேட்டனர் என்றும், இக்கலியுகத்தில் இவ்வரசனும் அங்ஙனம் கேட்டனன் என்றும் அக்கல்வெட்டுப் புகழ்கின்றது. அக்கோயில் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. இவற்றை ஒருங்கு வைத்து நோக்கிய வரலாற்றறிஞர் பலர், புராணம் கூறும் காடவர்கோன் இராசசிம்மனே எனத் துணிந்தனர். எனினும் கல்வெட்டில் பூசலார் பெயரோ நின்றவூர்ப் பெயரோ இல்லை. புராணத்தில் அரசன் இயற்பெயர் இல்லை. ஆங்கு வானொலி, ஈங்குக் கனவு என்னும் வேறுபாடும் உண்டு. ஆதலின் இரண்டும் ஒன்றென அறுதியிட்டுரையாது, இறைவனது மொழியைக் கேட்ட பல்லவன் ஒருவனைப் பற்றிய செய்தி தொண்டைநாட்டிற் பண்டே வழங்கிற்று என்னும் அளவிற் கொள்வதே நேரிது. அவ்வளவே ஈண்டைக்குப் போதும்.

தினையளவு முதலாகத் திரட்டிய நிதி

இனி, பூசலார் செய்த பணியைச் சேக்கிழார் உரைக்கும் முறையை நோக்குவோர், முதற்கண் ஓர் உண்மையை மனங்கொளல் வேண்டும். நாயனார் எடுத்த எடுப்பிலேயே மனக்கோயிலைத் தொடங்கினாரல்லர். சிவனடியார்க்கு ஆம் பணிசெய்தலே தமக்கு அடுப்பது எனக் கொண்டு ஒழுகினார். பின்னர் இறைவனுக்கு ஆலயம் எடுக்க விழைந்தார். அதன்பொருட்டு எங்கும் வருந்திப் பொருள் தேடினார். ஒன்றும் கிடைத்திலது. ‘என் செய்வேன்’ என நைந்தார். அந்நைவின் பின்னரே நினைப்பினால் எடுக்கத் துணிந்தார். புறத்தே முயன்று முயன்று கைகூடாமையின் விளைந்தது அகத்தே எழுந்த கோயில். முயலாதார் மனத்தில் அது முளைத்திலது.

அடுத்து ஒன்று. நினைப்பினால் நிதி தேடுவார்க்கு என்ன தட்டுப்பாடு? பொன்மலை ஒன்றை ஒரு நொடியில் நினைந்துகொள்ளலாமன்றோ? நாயனார் அங்ஙனம் செய்திலர். நினைவினுள்ளும் அவர் தினையளவு முதலாகச் சிறிது சிறிதாகவே நிதியைத் திரட்டினார் என்று சேக்கிழார் அருளுகின்றார். ஏழை ஒருவன் கோயிற்பணிக்குப் பொருள் சேர்க்கும் முறை அது. புறத்தே எத்துணை வருத்தம் உண்டோ அத்துணை வருத்தத்தையும் அகத்தும் அவர் விரும்பி மேற்கொண்டார். மனத்தில் எளிதாயிற்றே என்று எதனையும் எளிமைப்படுத்திக்கொண்டாரல்லர்.

பணியின் வரிசையும் அத்தகையதே. கருவிகளைத் தேடினார், தச்சரைத் தேடினார், நன்னாள் கொண்டார், ஆகம விதிப்படி அடிநிலை அமைத்தார், இரவினும் கண்துயிலாது எடுக்கலுற்றார். உபானம் முதலாகிய வரிகளை வடிவுபட வகுத்தார். விமானத்தின் சிகரத்தை முழக்கணக்கிட்டு உயர்த்தினார். தூபி நாட்டினார், சுதை தீற்றினார், கிணறு தொட்டார், மதில் எடுத்தார், திருக்குளம் அகழ்ந்தார். இவற்றுக்கு நெடுநாட் சென்றது. கட்டடக்கலை வல்லான் ஒருவன் இப்பகுதியைப் படிப்பானாயின், தன் தொழிலின் நிரல் சிறிதும் பிறழாமை கண்டு வியப்பான். நினைவிற் கட்டும் கோயிலுக்குக் கிணறு எதற்கு? மதில் எதற்கு? திருமஞ்சனத்திற்கு நீர் வேண்டும் என்றும், கோயிலுக்குக் காப்பு வேண்டும் என்றும் கருதும் உள்ளத்திற்கு அவை வேண்டியனவே. அவ்வுள்ளம் இறைவன் உண்மையாகவே வந்து எழுந்தருள்வான் என நம்பிய உள்ளம். வாராதான் ஒருவனுக்கு எவரும் கிணறு தோண்டார்.

அந்தாதி கூறிய உறக்கமின்மையைச் சேக்கிழார் இப்பணியினிடையே வைத்தமையும் கருதற்பாலது. அந்தாதியில் அஃது ஏக்கத்தின் அடையாளம். புராணத்தில் உழைப்பின் அடையாளம். கல்லாற் கட்டும் தச்சன் பொழுது சாய்ந்தால் உளியை வைத்துவிட்டு உறங்கச் செல்வான். பூசலாரோ இரவிலும் வைத்திலர். ஆகவே மனக்கோயில் கற்கோயிலினும் எளியது என்பார் கூற்று, இத்திருவிருத்தங்களைச் செவ்வன் நோக்காதார் கூற்றேயாம்.

காடவர்கோன் பெற்ற பேறு

இனி அரசன் செய்தி. காடவர்கோன் கச்சியிற் கற்றளி எடுத்துப் பெருஞ்செல்வம் வகுத்து, இறைவனை எழுந்தருளுவித்தற்கு ஒரு நாளையும் குறித்தான். அது பூசலார் குறித்த நாளே ஆயிற்று. முதனாள் இரவிற் கொன்றைமாலை அணிந்த பெருமான் அரசன் கனவில் தோன்றி, நின்றவூர்ப் பூசல் நெடுநாள் நினைந்து செய்த ஆலயத்தில் நாளை யாம் புகுவோம். நீ நின் செயலை அந்நாள் ஒழியக் கொள்வாயாக எனப் பணித்தருளினான். இதுவே வரலாற்றின் திருப்பம்.

இத்திருவாக்கை மறுப்பாகக் கொள்வோரே மேற்கூறிய முடிவுக்குச் செல்கின்றனர். கற்றளியை வேண்டேன் என்று இறைவன் கூறினானல்லன். பின்னொரு நாள் கொள்க என்றே கூறினான். தள்ளிவைத்தல் வேறு, தள்ளிவிடுதல் வேறு. அரசன் தொண்டு பழுதுடையதாயின், பெருமான் அவன் கனவில் எழுந்தருளவேண்டிய தில்லை. இரவெல்லாம் விழித்துப் பணிசெய்த பூசலாருக்கு நனவில் ஒரு குறிப்பும் காட்டாத இறைவன், கண்துயின்ற காடவனுக்குக் கனவில் காட்சியளித்தான். இஃது ஒறுத்தல் ஆகுமோ? அருளே ஆகும் என்க.

அவ்வருளின் பயன் யாது? கற்றளி எடுத்த அரசன் சிவலிங்கத் திருமேனியை வழிபடும் நெறியில் நின்றான். அவனுக்கு எஞ்சிய நெறி அடியாரை வழிபடுதல். அந்நெறியில் அவனைச் செலுத்தவே பெருமான் நாளை மாற்றினான். அரசன் அடுத்துச் செய்வனவற்றை நோக்குக. அடியாரைக் கண்டு வணங்கவேண்டும் என்னும் காதலுடன் நின்றவூர்க்கு வருகின்றான். பூசலார் எடுத்த கோயில் யாது என வினவுகின்றான். அவர் எடுத்த கோயில் ஒன்றும் இல்லை என்கின்றனர் ஊரார். மறையவரை வருவித்துப் பூசலார் யாவர் என வினவுகின்றான். குற்றமற்ற அந்தணர், இவ்வூரினர் என்கின்றனர் அவர். அவரை அழைத்துவரச் சென்றாரையும் தடுத்து, தானே அவர்பாற் சென்று எய்துகின்றான். ஏவலால் எவரையும் வருவிக்கும் வேந்தன் தன் காலால் நடந்து செல்லும் இவ்விடமே புராணத்தின் உச்சி என்று கூறலாம்.

இத்தொண்டைநாட்டில் இதனோடு ஒப்பதொரு செய்தி முன்னும் உண்டு. தொண்டைமானது களிற்றை முல்லைக்கொடியாற் பிணித்து, பின்னர் அவனுக்கு அளவிறந்த இன்பம் அளித்த அருட்செயலைச் சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருமுல்லைவாயிற் பதிகத்துட் குறித்தருளினார். ஆண்டு அரசனைத் தடுத்தது ஒரு கொடி. ஈண்டுத் தடுத்தது ஒரு கனவு. இரண்டிடத்தும் தடையே அருளாக முடிந்தது. முல்லைவாயிலிற் சிவலிங்கத் திருமேனியைக் காட்டுதற்குத் தடுத்தான். நின்றவூரில் அடியாரைக் காட்டுதற்குத் தடுத்தான்.

அரசன் கேட்டபோது பூசலார் மருண்டு நோக்கினார் என்கின்றார் சேக்கிழார். தம்மையும் ஒரு பொருளாக இறைவன் கருதினனோ என்னும் மருட்சி அது. தாம் செய்த பணியை அவர் எவர்க்கும் உரைத்தாரல்லர் என்பது ஊரார் மறுமொழியால் விளங்கும். அதனை முதற்கண் வெளியிட்டவன் இறைவனே. பொருளின்மையால் மனத்தினால் எடுத்தேன் என்று நாயனார் உள்ளவாறு கூறுகின்றார். அரசன் வியந்து, நிலமிசை வீழ்ந்து வணங்கி, தன் சேனையோடு மீண்டு தன் மூதூர் புகுகின்றான்.

இவ்விடத்து நூலாசிரியர் கூறாது விட்டதொன்று மிக இன்றியமையாதது. எங்கும் அலைந்து தேடியும் ஒரு காசும் பெறாத அடியார்முன், பெருநிதிக்கு உரிய வேந்தன் தானே வந்து வணங்கி நிற்கின்றான். நாயனார் அவனிடம் ஒன்றும் இரந்திலர். அரசனும் ‘கல்லாற் கோயில் எடுத்துத் தருவேன்’ என்று கூறியதாகப் புராணம் மொழிந்திலது. என்னை? அக்கோயில் குறைவுடையதாயின் அன்றோ பொருளால் நிரப்பவேண்டும்? குறித்த நற்பொழுதில் நாயனார் இறைவனை அங்கே எழுந்தருளுவித்தார்; பூசனைகளைப் பலநாள் வழுவாது பேணினார்; ஆடல்வல்லான் திருவடிநீழல் சேர்ந்தார். மனக்கோயிலுக்கும் நாள்தோறும் பூசை உண்டு என்பது இதனாற் போதரும். கட்டியதோடு அவர் கடன் தீர்ந்திலது.

அகமும் புறமும்

இனிச் சமயநூற் கருத்தோடு வைத்து ஆராய்வோம். திருத்தொண்டத்தொகையிற் பூசலாரைப் போற்றும் திருப்பாட்டு, அவரை மட்டும் போற்றி அமைந்ததன்று. கோச்செங்கட் சோழரும் அத்திருப்பாட்டிலேயே போற்றப்பெறுகின்றார். அவர் முற்பிறப்பிற் சிலந்தியாய்த் திருவானைக்காவில் இறைவன் திருமுடிமேற் பந்தர் இழைத்தவர். அரசராய்ப் பிறந்து சிவாலயங்கள் பல எடுத்தவர். நெஞ்சிற் கோயில் எடுத்தவரையும் நிலத்திற் கோயில் எடுத்தவரையும் ஒரு திருப்பாட்டில் அடைவுபட வைத்தருளினார் சுந்தரர். அத்திருப்பாட்டின் தலைப்பைக் கொண்டு மன்னிய சீர்ச் சருக்கம் வகுத்த சேக்கிழாரும் அவ்வைப்பு முறையையே காத்தார். ஒன்று மற்றொன்றை விலக்குமாயின் இவ்வைப்பு இயையாது. சேக்கிழார் தாமும் குன்றத்தூரில் திருநாகேச்சரம் எனக் கோயில் எடுத்தவர். கற்கோயிலை இகழும் கருத்து அவர்பால் எங்ஙனம் எழும்?

திருநாவுக்கரசர் உடலைக் கோயிலாகவும் மனத்தை அடிமையாகவும் கொண்டு பூசிக்கும் அகவழிபாட்டைப் பாடியருளினார். பாடிய அப்பெருமானே உழவாரப்படை ஏந்திக் கோயில்தோறும் புற்செதுக்கினார். திருமூலர் உள்ளத்தையே பெருங்கோயிலாக உரைத்தார். உரைத்த அவரே, கோயிற்பூசை முட்டுப்படின் நாட்டிற்கும் அரசர்க்கும் விளையும் தீங்குகளையும் எடுத்துரைத்தார். அகம் நிரம்பினார் புறத்தைக் கைவிட்டிலர் என்பதற்கு இவ்விருவரினும் பெரிய சான்று வேண்டுமோ?

சிவஞானபோதத்தின் 9ஆம் நூற்பா அகப்பூசையின் முறையை உணர்த்துகின்றது. இருதயம் பூசைத்தானம், நாபி ஓமத்தானம், புருவநடு தியானத்தானம் என்பது அதன்வழி வந்த தெளிவு. இதனளவில் நின்று, ‘ஞானநெறிக்கு அகமே போதும்’ என்பார் உளராயின், அவர் 12ஆம் நூற்பாவையும் நோக்குக. மலம் நீங்கப்பெற்ற சீவன்முத்தர்க்கே அந்நூற்பா எழுந்தது. அவரும் மெய்யன்பரோடு கூடவேண்டும் என்றும், அவ்வன்பர் திருவேடத்தையும் ஆலயத்தையும் இறைவன் எனவே கண்டு வழிபடவேண்டும் என்றும் அது விதிக்கின்றது. முடிந்த நிலையினர்க்கே ஆலயவழிபாடு உரியதாயின், தொடக்க நிலையினர் அதனை வேண்டா என்பது எவ்வாறு பொருந்தும்? குளத்துப் படித்துறையில் இறங்குவோன் கீழ்ப்படியை அடைந்தபின் மேற்படியைப் பெயர்த்தெறிவானல்லன். ஏறி வருதற்கும், பின்வருவார் இறங்குதற்கும் அப்படி வேண்டும்.

சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டினர். மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டினர். ஆகலின் புராணம் சாத்திரத்தைத் தழுவியது என்று கூறுதல் காலமுரணாம். ஒரே சிவநெறி மரபு ஆண்டு வரலாறாகவும் ஈண்டு நூற்பாவாகவும் வெளிப்பட்டது எனக் கொள்க. கச்சியில் ஆலயம் எடுத்தான் காடவன். நின்றவூரில் அடியார் திருவேடத்தை அரன் எனக் கண்டு வீழ்ந்தான். நூற்பா கூறும் இருவகை வழிபாடும் ஒருவன்பாலே நிரம்பின. அதனாலன்றோ, அடியாரை வணங்கிய பின்னரே அவன் எடுத்த கற்றளிக்கு உரிய நாள் வாய்ப்பதாயிற்று.

முடிவு

இன்று திருநின்றவூரில் இருதயாலீசுவரர் திருக்கோயில் கல்லாலேயே எழுந்து நிற்கின்றது. கருவறையிற் சிவலிங்கத் திருமேனிக்கு அருகே பூசலார் திருவுருவமும் உளது. இருதயநோய் உற்றோர் பலர் அங்கு வந்து வேண்டிக்கொள்கின்றனர். உடல்நோய் தீர இறைவனை வேண்டுதல் குற்றமன்று. ஆயினும், அங்கு வந்து நிற்போர் ஒன்று நினைதல் தகும். நெஞ்சிற் கோயில் எடுத்த அடியாரை அன்பர்கள் நெஞ்சிற் போற்றியதோடு அமைந்திலர். அவர்க்கும் அவர் நெஞ்சிற் புகுந்த பெருமானுக்கும் கல்லிற் கோயில் எடுத்து விளக்கேற்றி வருகின்றனர். பூசலார் வரலாற்றைத் தொண்டைநாட்டு மக்கள் எங்ஙனம் பொருள்கொண்டனர் என்பதற்கு அக்கோயிலே உரை.

ஆகவே, பொருளுடையார் ஒருவர் தம்மூர்ப் பழங்கோயிலில் ஒருவேளை விளக்கும் எரியாதிருப்பக் கண்டும், ‘மனமே கோயில், பூசலார் சான்று’ என்று கூறிச் செல்வாராயின், அவர் நாயனாரைச் சான்றாகக் காட்டும் உரிமை இலர். பூசலார் இல்லாமையால் மனத்தில் எடுத்தார். இருந்தும் கொடாதவர் அல்லர். மற்று, பெருந்திருப்பணி செய்து பெயர் பொறிப்பார் ஒருவர், கோயில் வாயிலில் நிற்கும் ஏழையடியாரைப் பொருட்படுத்தாராயின், அவர் காடவர்கோனை நினைக்கக்கடவர். கற்றளி எடுத்த அவ்வேந்தனுக்கு, அவ்வடியாரைத் தேடிச் சென்று வணங்கிய நாளே இறைவன் குறித்தளித்த நன்னாளாயிற்று.

பொருளில்லார் வருந்தவேண்டுவதில்லை. தினையளவு முதலாகத் திரட்டுக. இரவினும் உறங்காது எடுக்க. கிணறும் மதிலும் மறவற்க. குறித்த நாளில் இறைவன் வருவான்.

திருச்சிற்றம்பலம்